பூங்காவுக்கு வராத பூங்கா முதலாளி

கேள்வி: என் கணவருக்கு 40 வயது தாண்டிவிட்டது. ஆபீஸ் விட்டு வந்து சாப்பிட்டதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ரோலர்கோஸ்டர் டைக்கூன் என்ற பழைய விளையாட்டை ஆன்லைனில் யார் யாரோடோ சேர்ந்து ஆடுகிறார். பொம்மை ராட்டினம், பொம்மை மனிதர்கள். லீவில் பிள்ளைகளோடு நிஜ தீம் பார்க்குக்குப் போகலாம் என்றால் மட்டும் 'கூட்டம், வெயில்' என்று நழுவுகிறார். நிஜத்தில் பிடிக்காதது பொம்மையில் எப்படிப் பிடிக்கும்?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: நிஜப் பூங்காவில் அவர் டிக்கெட் வாங்குபவர், இந்த விளையாட்டில் பூங்காவையே கட்டி நடத்தி, டிக்கெட்டுக்கு விலை வைப்பவர். இரண்டும் ஒரே பொழுதுபோக்கு என்று நீங்களாக முடிவு செய்துகொண்டீர்கள், அங்கேதான் சிக்கல்.

பொம்மை மனிதர்கள் என்கிறீர்களே, அதில் ஒருவரை மவுஸால் தட்டிப் பாருங்கள். கையில் எவ்வளவு காசு இருக்கிறது, பசிக்கிறதா, தாகமா, குமட்டுகிறதா, கழிப்பறை தேடுகிறாரா, எல்லாம் தெரியும். மனதில் ஓடுவதுகூட எழுத்தில் வரும்: வழி தெரியவில்லை, ரொம்ப நேரமாக வரிசையில் நிற்கிறேன், வீட்டுக்குப் போக வேண்டும். ஆபீஸில் மேனேஜர் முகம் ஏன் கடுகடு என்று இருக்கிறது என்பதை இப்படித் தட்டிப் பார்க்க வழியில்லை. வீட்டில் கேட்டால் 'ஒன்றுமில்லை' என்று பதில் வரும் (வருகிறதுதானே?). குறை என்ன என்று பளிச்சென்று தெரிந்து, அதைத் தீர்க்கவும் முடிகிற இடம் அவருக்கு இது ஒன்றுதானோ என்னவோ.

உதாரணமாக, ரோலர் கோஸ்டரை விட்டு இறங்கியவர்கள் வாசலிலேயே வாந்தி எடுக்கிறார்கள். பின்னால் வருகிறவர்கள் பாதை நாறுகிறது என்று முகம் சுளிக்கிறார்கள், பூங்காவின் மதிப்பெண் சரிகிறது. உடனே நாலு பெஞ்ச் போட்டு, துப்புரவுத் தொழிலாளி ஒருவரை அந்தப் பகுதிக்கு மட்டும் ஒதுக்கிவிட வேண்டும். கொஞ்ச நேரத்தில் பாதை சுத்தம், உட்கார்ந்தவர்களுக்குக் குமட்டல் தணிகிறது. அப்புறம் மூலகாரணம்: வளைவில் தண்டவாளத்தைச் சாய்க்காமல் விட்டால் பக்கவாட்டு விசை எகிறும், ரைடின் கடுமை எண் ஏறும், 10ஐத் தாண்டினால் பெரும்பாலானவர்கள் ஏறவே மாட்டார்கள். வளைவைப் பிரித்துச் சாய்த்துப் போட்டு, வெறும் வண்டியை ஓடவிட்டுப் புது எண்கள் வரும்வரை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் பாருங்கள், அந்த நேரத்தில்தான் நீங்கள் காபி வேண்டுமா என்று கேட்டிருப்பீர்கள், அவர் காதில் விழுந்திருக்காது.

கொஞ்சம் அற்பத்தனமும் இருக்கிறது, மறைப்பானேன். மழை தூறினால் குடை விலையை ஏற்றலாம், நனைகிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கழிப்பறைக்கும் காசு வாங்கலாம். முணுமுணுக்கிற ஆளை இடுக்கியால் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடவும் முடியும், மூழ்கினால் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். உங்கள் கணவர் அப்படிச் செய்வாரா என்று கேட்காதீர்கள். செய்திருப்பார்.

1999இல் வந்த இந்த விளையாட்டைக் கிறிஸ் சாயர் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிட்டத்தட்ட முழுவதும் அசெம்பிளி மொழியில் எழுதினார், அதாவது கணிப்பொறியின் சொந்தக் கட்டளைகளுக்கு மிக நெருக்கமாக. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான பேரின் பசியையும் பர்ஸையும் ஒரே நேரத்தில் கணக்கு வைக்க முடிந்ததற்கு அது ஒரு காரணம். 2014இல் ரசிகர்கள் இரண்டாம் பாகத்தைப் பிரித்து ஆராய்ந்து ஓப்பன் ஆர்சிடி 2 (ஆர்சிடி என்பது ரோலர்கோஸ்டர் டைக்கூனின் சுருக்கம்) என்று திரும்ப எழுத ஆரம்பித்தார்கள். பல பேர் ஒரே பூங்காவில் சேர்ந்து கட்டும் வசதி அதில்தான் வந்தது. ஒருவர் தண்டவாளம் போடுவார், இன்னொருவர் மரம் நடுவார், மூன்றாமவர் வந்து பாதையைத் தப்பாக இணைத்து மொத்தக் கூட்டத்தையும் முட்டுச்சந்துக்குள் அனுப்புவார். நீங்கள் சொல்லும் 'யார் யாரோ' இவர்கள்தான். அசல் இரண்டாம் பாகத்தை ஒரு தடவை வாங்கியிருந்தால் போதும், அதற்கு மேல் செலவில்லை. ஆனால் அவர் ஆடுவது கைபேசியில் வருகிற ரகமாக இருந்தால், அதாவது ராட்டினம் கட்டி முடிய ஆறு மணி நேரம் காத்திரு, இல்லையென்றால் காசு கட்டு என்கிற ரகம், அப்போது கார்டு கணக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதற்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன்.

சரி, பிள்ளைகள்? அவர்களோடு வெளியே போவது அப்பாவின் வேலை, அதில் விளையாட்டைச் சாக்காகச் சொல்லக் கூடாது. ஆனால் 'வாங்க, ஜாலியாக இருக்கும்' என்று கூப்பிடாதீர்கள். வரிசை எங்கே தேங்குகிறது, ரைடு வாசலில் ஏன் பெஞ்ச் போடவில்லை, ஜூஸ் கடையை ஏன் அந்த மூலையில் வைத்தார்கள், வந்து பாருங்கள் என்று கூப்பிடுங்கள். உங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அங்கே போய்ப் பிள்ளைகளைக் கவனிப்பாரா என்றால், அந்த உத்தரவாதத்தை என்னால் தர முடியாது.