மகன் தொழில்முறை றக்பி வீரராக வேண்டும் என்கிறான். கொழும்பில் அது ஒரு தொழிலாகுமா?

கேள்வி: "என் மகனுக்கு 16 வயது. கொழும்பில் பாடசாலை அணிக்கு றக்பி ஆடுகிறான். உயர்தரம் முடிந்ததும் அதையே தொழிலாகக் கொள்ளப்போவதாகச் சொல்கிறான். நம்பி விடலாமா?"

ரியூசன் வகுப்பைத் தவறவிட்டு, சேறு படிந்த காலுறைகளோடு இரவில் வீடு வரும் பிள்ளையைப் பார்த்த பிறகுதான் இதை எழுதியிருப்பீர்கள் என எண்ணுகிறேன். வெள்ளவத்தையில் என் அம்மாவும் அப்படித்தான் வாசலில் நின்றார். நான் தேசிய அணிக்கு ஆடியவன் அல்லன். 2008 முதல் 2011 வரை கொழும்புக் கழகமொன்றில் மூன்று பருவங்கள் ஊதியம் பெற்று ஹூக்கராக, அதாவது முன்வரிசையின் நடுவில் நிற்பவனாக, ஆடினேன், அவ்வளவே. இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்க விரும்புவோர் கேட்கலாம். ஆனால் கழகத்துக்கு ஆடப் போகும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வந்து சேருவது நான் நின்ற இடத்துக்குத்தான்.

பதினைந்து பேர் கொண்ட அணிகள் ஆடும் றக்பி யூனியனில் ஊதியம் பெறுவது உலகளவில் அனுமதிக்கப்பட்டதே 1995 ஓகஸ்டில்தான். அதற்கு முன்னர் உலகக் கிண்ணம் வென்றவர்களும் வேறு தொழில் பார்த்துப் பிழைத்தவர்களே. எனக்குக் கிடைத்தது பருவத்துக்குப் பருவம் புதுப்பிக்கும் ஓர் ஒப்பந்தம், மாதம் 30,000 ரூபா கொடுப்பனவு, கழகத்துக்கு வேண்டிய ஒருவரின் காரியாலயத்தில் ஒரு நாற்காலி. இருபத்திரண்டு வயதில் அது எனக்குப் பெரும் செல்வமாகத் தெரிந்தது.

பாடசாலை றகருக்கும் (றக்பியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கழக றகருக்கும் உள்ள வேறுபாட்டை எங்களுக்கு எவரும் விளக்கவில்லை. 19 வயதுக்குட்பட்டோருக்கான விதிகளின்படி ஸ்க்ரம்மை, அதாவது இரு அணிகளின் எட்டெட்டுப் பேர் தோள்பிணைத்துத் தலைகோத்துத் தள்ளும் கட்டத்தை, 1.5 மீற்றருக்கு மேல் தள்ள முடியாது. கழகத்தில் அந்த வரம்பு இல்லை, எதிரே தலை கொடுப்பவனும் பத்து ஆண்டுகள் முன்வரிசையில் ஆடிக் கழுத்து தடித்த ஆளாக இருப்பான். என் காலத்தில் நடுவர் "க்ரௌச், டச், போஸ், என்கேஜ்" (குனி, தொடு, நில், மோது) என்று சொன்னதும் இரு பக்கத்து எட்டுப் பேரும் ஒரு காலடி இடைவெளியிலிருந்து பாய்ந்து மோதுவோம். அந்த மோதலின் வேகத்தைக் குறைப்பதற்காகவே 2013இல் முறையை மாற்றி, முதலில் பிடித்துக்கொண்டு பிறகு சேரச் செய்தார்கள். எனக்கு அது இரண்டு ஆண்டுகள் தாமதம்.

2011இல் ஒரு சனிக்கிழமை ஆட்டத்தில் ஸ்க்ரம் சரிந்தபோது, என் இடது தோளிலிருந்து பெருவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் ஓர் எரிவு இறங்கியது. நான் வெளியே வரவில்லை. எழுந்து மீதி இருபது நிமிடங்களையும் ஆடினேன். அதற்கு எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரங்களுக்குப் பிறகு, கழுத்தின் ஐந்தாம் ஆறாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்று வைத்தியர் படத்தைக் காட்டினார். முதல் ஸ்கேனுக்குக் கழகம் பணம் கொடுத்தது. மூன்றாம் மாதம் கொடுப்பனவு நின்றது, அடுத்த மாதம் காரியாலய நாற்காலியும் போயிற்று. விசாரிக்கப் போனபோது, "காயம் விளையாட்டில் சகஜம்தானே, தம்பி" என்றார்கள்.

அந்த ஒப்பந்தம் இன்றும் என்னிடம் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம். சீருடையைத் திருப்பித் தருவது பற்றியும் கழகத்தின் நற்பெயர் பற்றியும் அதில் விரிவாக இருக்கிறது. காயம் என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. வாடகை ஒப்பந்தத்தைக்கூட மூன்று முறை வாசித்துவிட்டே கையொப்பமிடும் என் அப்பாவிடம் நான் அதைக் காட்டவில்லை, காட்டினால் தடுப்பார் என்ற பயத்தினால். நீங்கள் கடுமையாக எதிர்த்தால் உங்கள் மகனும் அதைத்தான் செய்வான். ஆகவே, நம்பி விடலாமா என்பதைவிட, அந்தத் தாளை அவன் உங்களிடம் கொண்டுவருவானா என்பதை யோசித்துப் பாருங்கள். வந்தால் மூன்று விடயங்களைத் தேடுங்கள்: காயமுற்றால் எத்தனை மாதம் கொடுப்பனவு தொடரும், சத்திரசிகிச்சைக்கு யார் பொறுப்பு, காப்புறுதி யார் பெயரில் இருக்கிறது.

வெளிநாடு போனால் நிலைமை வேறு என்று பின்னூட்டமிட வருவோருக்கு: இங்கிலாந்தின் உயர்மட்ட லீக்கிலேயே 2022இல் வூஸ்டர், வொஸ்ப்ஸ் கழகங்கள் பணமின்றி விழுந்தன, 2023இல் லண்டன் ஐரிஷ் விழுந்தது, வீரர்கள் ஒரே இரவில் வேலையிழந்தார்கள். என் காலத்து ஹூக்கர்களுக்கெல்லாம் ஆதர்சமாக இருந்த இங்கிலாந்து அணியின் ஸ்டீவ் தொம்சன் கழுத்துக் காயத்தால் 2007இல் ஓய்வு பெற்றுப் பின் மீண்டும் வந்து ஆடியவர். 42 வயதில் மறதிநோய் கண்டறியப்பட்ட அவர், 2003இல் உலகக் கிண்ணம் வென்றது தமக்கு நினைவில் இல்லை என்று 2020இல் சொன்னார். அன்று அதைப் படித்துவிட்டு நான் உறங்கவில்லை.

பாதுகாப்பான வழி இல்லாமலும் இல்லை. ஜப்பானில் பல வீரர்கள் தம் அணியை நடத்தும் நிறுவனத்தின் ஊழியர்கள். ஆட்டம் முடிந்த பின்னும் வேலை தொடரும். இங்கே அதற்கு நெருக்கமானவை முப்படைகளின் அணிகளும் பொலிஸ் அணியும்தான். அங்கே சேர்ந்தவர்களுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. எங்கள் வீட்டில் அந்தப் போர்க்கால ஆண்டுகளில் அந்தப் பேச்சையே எடுத்திருக்க முடியாது; உங்கள் வீட்டில் முடியுமா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இவ்வளவும் சொன்னதால் றகரை வெறுக்கிறேன் என்று எவரும் எழுதிவிட வேண்டாம். 2008இல் பயிற்சி முடிந்து இரவில் திரும்பும்போது சோதனைச் சாவடியில் அடையாள அட்டையில் என் பெயரைப் பார்த்ததும் பையைக் கொட்டச் சொல்வார்கள். பந்தும் பூட்ஸும் விழுந்ததும் எந்தக் கழகம், எந்த இடம் என்று விசாரணை வேறு திசைக்குப் போகும். ஒருமுறை அங்கிருந்தவர் தாமும் பாடசாலையில் ஹூக்கர் என்று சொல்லி என் பையைத் தாமே அடுக்கித் தந்தார். அதையும் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

உங்கள் மகன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. முன்வரிசை என்றால், கழுத்துக்கென்று வாரத்தில் எத்தனை நாள் பயிற்சி கொடுக்கிறார்கள் என்று பயிற்றுவிப்பாளரிடம் இந்த வாரமே கேளுங்கள். விங்கில், அதாவது மைதான ஓரத்தில், ஓடுபவன் என்றால் என் கழுத்துக் கதையை விட்டுவிடலாம்; ஒப்பந்தம் பற்றிச் சொன்னதை விடவேண்டாம்.