பூங்கா நடைபாதை டெண்டர்: மலையாளச் சான்றிதழைக் காட்டி நிராகரித்தால் என்ன செய்வது?

கேள்வி: வக்கீல் சார், நான் மார்த்தாண்டம் பக்கம். பதினாறு வருஷமாகக் காண்டிராக்ட் எடுத்துச் செய்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஒரு நகராட்சி, பூங்காவுக்குள் பேவர் பிளாக் நடைபாதை அமைக்க 46 லட்ச ரூபாய் மதிப்பீட்டில் டெண்டர் விட்டது. மதிப்பீட்டைவிட 4 சதவீதம் குறைவாக, அதாவது லெஸ் போட்டிருந்தேன். இதேபோன்ற வேலை ஒன்றை 18 லட்சத்துக்குக் குறையாமல் முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. எல்லைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில் ஓர் ஊராட்சிக்கு, குளத்தைச் சுற்றி 31,40,000 ரூபாய்க்கு நடைபாதை போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தச் சான்றிதழைத்தான் ஏற்றினேன். அது மலையாளத்தில் இருக்கிறது. தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் கவரிலேயே ‘அனுபவச் சான்று ஏற்கத்தக்கதல்ல’ என்று நிராகரித்துவிட்டார்கள். நேரில் போய்க் கேட்டதற்கு, ‘கேரளாவில் செய்த வேலையெல்லாம் கணக்கில் வராது, மலையாளம் இங்கே யாருக்குப் புரியும்’ என்றார் அலுவலர். மற்ற இரண்டு பேரின் விலை எழுதிய பிரைஸ் கவரைத் திறந்ததில் குறைந்தவரே மதிப்பீட்டைவிட 3 சதவீதம் அதிகம் (எக்ஸஸ்). பணி ஆணை இன்னும் கொடுக்கவில்லை. இதற்கிடையில் வேறொரு காண்டிராக்டர் வந்து, ‘இதை விட்டுடுங்க அண்ணே, அடுத்த வேலைக்கு நாங்க யாரும் போட்டிக்கு வரமாட்டோம்’ என்கிறார். நிராகரிப்புத் தகவல் வந்து ஐந்து நாளாகிறது. நான் என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்கு மிச்சம் ஐந்தே நாள்தான். அதனால் கடிதம் கிடைத்த அன்றே சுருக்கமாகப் பதில் அனுப்பிவிட்டேன். எல்லையோரத்தில் இரண்டு மாநிலத்திலும் வேலை எடுக்கிற மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998, உள்ளாட்சி அமைப்புகளுக்கும் பொருந்தும். ஒப்பந்தப்புள்ளியை (டெண்டரை) ஏற்கும் அதிகாரி 10ஆம் பிரிவின்கீழ் போடும் உத்தரவால் பாதிக்கப்பட்டவர், அது கையில் கிடைத்த நாளிலிருந்து பத்து நாளுக்குள் 11ஆம் பிரிவின்படி அரசுக்கு மேல்முறையீடு செய்யலாம். உங்கள் விஷயத்தில் அது சென்னைத் தலைமைச் செயலகத்தில் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைச் செயலாளருக்குப் போக வேண்டும். டெக்னிக்கல் கவரில் தள்ளியது 10ஆம் பிரிவு உத்தரவுதானா, அல்லது வெற்றி பெற்றவரை அறிவிக்கும்போதுதான் நாள் தொடங்குகிறதா என்று வாதம் செய்ய இடமிருக்கிறது. அந்த வாதத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். தகவல் வந்த தேதியையே முதல் நாளாக வைத்து விரைவுத் தபாலில் அனுப்புங்கள், மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பணி ஆணை கொடுப்பதை நிறுத்தி வைக்கும்படி அதே மனுவில் கேளுங்கள்.

இனி மனுவில் என்ன எழுதுவது என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய டெண்டர் ஆவணத்தை முழுதும் படித்தேன். அனுபவ நிபந்தனையில் ‘அரசுத் துறை அல்லது உள்ளாட்சி அமைப்பில்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ‘தமிழ்நாட்டில்’ என்ற சொல்லே இல்லை. இல்லாத நிபந்தனையைக் கவரைத் திறந்த பிறகு யாரும் சேர்க்க முடியாது. தான் அறிவித்த அளவுகோலுக்கு அரசு அமைப்பும் கட்டுப்பட்டது என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் ரமணா தயாராம் ஷெட்டி வழக்கில் சொன்னது. மும்பை விமான நிலையத்தில் ஓர் உணவகம் நடத்துவதற்கான டெண்டர் அது. ‘கேரள வேலை கணக்கில் வராது’ என்ற பேச்சுக்கு இந்த ஒரு தீர்ப்பே போதும்.

மொழி விஷயத்தில் நீங்கள் அவ்வளவு பலமாக இல்லை, அதை மறைக்க விரும்பவில்லை. ‘ஒப்பந்தப்புள்ளி தமிழிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும்’ என்று ஆவணத்தில் ஒரு வரி இருக்கிறது. அது நீங்கள் நிரப்பிக் கொடுக்கும் புள்ளியைக் குறிக்கிறதே தவிர, இன்னொரு அரசு அமைப்பு கொடுத்த சான்றிதழை அல்ல என்பது நம் வாதம். சில டெண்டர்களில் ‘வேற்று மொழி ஆவணத்துக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்’ என்று தனி நிபந்தனையே போடுவார்கள். இங்கே அது இல்லை. இருந்திருந்தால், மேல்முறையீட்டுக்குச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன்.

சான்றிதழை எடுத்து வைத்துப் பாருங்கள். தொகை 31,40,000 என்று எண்ணில் இருக்கிறது, வேலை முடிந்த தேதியும் எண்ணில் இருக்கிறது. மலையாளத்திலும் இதே எண்கள்தானே? புரியாமல் போவது வேலையின் பெயர் மட்டும்தான். அதற்கு உங்களிடம் ஒரு விளக்கம் கேட்டிருந்தால் போதும். பரிசீலனையின்போது நியாயமான விளக்கம் கேட்டுப் பெற இந்தச் சட்டத்தின் 2000-ஆம் ஆண்டு விதிகள் இடம் தருகின்றன. கேட்காமலே தள்ளியது ஏன் என்பதை மனுவின் மையக் கேள்வியாக வையுங்கள். 1991-இல் பொத்தார் ஸ்டீல் வழக்கில், முன்வைப்புத் தொகைக்கு (டெண்டரோடு கட்டும் பிணைத் தொகைக்கு) ஸ்டேட் வங்கி டிராஃப்ட் கேட்ட இடத்தில் ஒருவர் வேறொரு வங்கியின் காசோலையைக் கொடுத்தார். அது டெண்டரின் உயிர்நாடியான நிபந்தனை அல்ல, துணை நிபந்தனைதான், தளர்த்தலாம் என்றது உச்ச நீதிமன்றம். தளர்த்தலாம் என்றுதான் சொன்னது, தளர்த்தியே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த வித்தியாசத்தை எதிர்த்தரப்பு கட்டாயம் பிடிக்கும்.

மலையாளம் யாருக்கும் புரியாது என்ற வார்த்தை எனக்கு வருத்தமாகவே இருந்தது. 1956 நவம்பர் 1 வரை நம் குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. இன்றைக்கும் பழைய மலையாளப் பத்திரங்களைப் படித்துத்தான் இங்கே எத்தனையோ சொத்து வழக்கு நடக்கிறது.

பண விஷயத்தையும் மனுவில் எழுதுங்கள். உங்கள் விலை 44 லட்சத்து 16 ஆயிரம், இப்போது குறைந்த விலைக்காரருடையது 47 லட்சத்து 38 ஆயிரம். நகராட்சிக்கு 3 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய் கூடுதல் செலவு. உங்கள் லாபம் போய்விட்டது என்று எழுதினால் எடுபடாது. பொதுப் பணம் போகிறது என்று எழுதுங்கள்.

அரசு பதில் தராமல் பணி ஆணை போய்விட்டால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226ஆம் பிரிவின்கீழ் ரிட் மனு போடலாம். முதலில் மேல்முறையீடு செய்தீர்களா என்றுதான் நீதிபதி கேட்பார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். டெண்டர் வழக்கில் நீதிமன்றம் முடிவு சரியா என்று பார்ப்பதைவிட, முடிவெடுத்த முறை சரியா என்றே பார்க்கும். 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் வகுத்த வழி அது. 2022-இல் என்.ஜி. புராஜெக்ட்ஸ் வழக்கில், பொது வேலைகளுக்குத் தடை கொடுக்கத் தயங்க வேண்டும், தவறு நடந்திருந்தால் இழப்பீடு பக்கம் அனுப்பலாம் என்றும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பூங்காவில் ஜல்லி கொட்டி வேலை தொடங்கிவிட்டால் உங்கள் கை தாழ்ந்துவிடும். அவசரப்படுத்துவது அதனால்தான்.

தெரிந்த கவுன்சிலர் மூலம் பேசிப் பார்க்கலாமா என்று தோன்றும். வேண்டாம். பரிசீலனை நடக்கும்போது வெளியிலிருந்து நெருக்குதல் கொடுத்தால், அதையே காரணமாக வைத்து உங்களைத் தகுதி நீக்கம் செய்ய விதிகளில் வழியிருக்கிறது. எது கேட்டாலும் எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், ‘அடுத்த வேலைக்குப் போட்டி போடமாட்டோம்’ என்று வந்தவர். ஊரில் இதை ரிங் என்பார்கள், சிண்டிகேட் என்பார்கள். 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவில் இதற்குப் பெயர் ஏலக் கூட்டுச் சதி. சிக்கினால் அபராதத்தை ஒரு வேலையின் மதிப்பை வைத்துக் கணக்கிட மாட்டார்கள். கூட்டு நீடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை விதிக்கலாம். இன்று நீங்கள் பாதிக்கப்பட்டவர். சரி என்று தலையாட்டிய நிமிடமே உடந்தை. அவர் வந்த நாள், நேரம், சொன்ன வார்த்தைகளை இன்றே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் ஏதாவது அனுப்பியிருந்தால் அழிக்காதீர்கள். மேல்முறையீட்டு மனுவில் இப்போது அதைச் சேர்க்க வேண்டாம். ஆதாரம் கையில் இல்லாமல் எழுதினால் நல்ல வாதத்தையும் அது கெடுத்துவிடும்.

நாளைக் காலையிலேயே களியக்காவிளை தாண்டிப் போய், அந்த ஊராட்சிச் செயலாளரிடமும் வேலையை மேற்பார்த்த உதவிப் பொறியாளரிடமும் அதே சான்றிதழை ஆங்கிலத்தில் முத்திரையுடன் வாங்குங்கள். வேலையின் பெயர், தொகை, முடிந்த தேதி மூன்றும் பழைய சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அன்றைக்கே கிடைக்காவிட்டால், விண்ணப்பித்ததற்கான ரசீதை மனுவோடு இணைத்து அனுப்பிவிடுங்கள். சான்றிதழுக்காகப் பத்தாவது நாள் வரை காத்திருக்க வேண்டாம்.