2/5 மேசையில் போன 16,500 ரூபாய்: போக்கர் கற்க பிக்ஸட் டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு கே.ஆர்.புரத்தில் வசிக்கிறேன், வயது 29. மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை. கைக்கு வருவது மாதம் 68,000 ரூபாய். வாடகை 17,000, தர்மபுரியில் இருக்கும் பெற்றோருக்கு 12,000, சாப்பாடு, மெட்ரோ, மற்றதெல்லாம் சேர்த்து 18,000. 2025 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஒரு செயலியில் 2/5 ரூபாய் போக்கர் மேசைகளில் ஆடினேன். மொத்தம் 46,000 ரூபாய் கட்டி, 29,500 ரூபாய் திரும்ப எடுத்தேன். சுமார் 14,000 ஹேண்ட் (சீட்டு போட்டு ஆடும் ஒரு சுற்று) ஆடியிருப்பேன். தடை வந்ததும் பண மேசைகளை மூடிவிட்டார்கள். ஆட்டம் இப்போதுதான் பிடிபட ஆரம்பித்திருக்கிறது. நண்பர் ஒருவர் கிரிப்டோ வழியாக வெளிநாட்டுத் தளத்தில் ஆடுகிறார். என் 1,20,000 ரூபாய் பிக்ஸட் டெபாசிட்டில் ஒரு லட்சத்தை எடுத்து ஒரு வருடம் முறையாகக் கற்று ஆடினால், மாதம் பத்தாயிரம் கூடுதல் வருமானம் வருமா? போன பணத்தை வரியில் கழிக்க முடியுமா?

பதில்: டெபாசிட்டைத் தொடாதீர்கள். அந்த வெளிநாட்டுத் தளத்துக்கும் போகாதீர்கள். ஆனால் போக்கர் கற்பதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். கணக்கும் பொறுமையும் கேட்கிற ஆட்டம் அது. காசு கட்டாமலேயே நன்றாகக் கற்கலாம்.

முதலில், போன 16,500 ரூபாய் எங்கே போனது என்று பார்ப்போம். 2023 அக்டோபர் 1 முதல், நீங்கள் கட்டும் ஒவ்வொரு டெபாசிட்டிலும் 28 சதவீத ஜிஎஸ்டி உள்ளடங்கியிருந்தது. உங்கள் 46,000 ரூபாயில் சிப்ஸாக, அதாவது மேசையில் ஆடும் பணமாக, மாறியது 35,938. வரியாகப் போனது 10,062. அந்த வரித் தொகையைச் செயலி போனஸாகத் திருப்பித் தராமல் இருந்திருந்தால், மேசையில் நீங்கள் தோற்றது வெறும் 6,438 ரூபாய்தான். போனஸாகத் தந்து அதையும் ஆடித் தீர்த்திருந்தால், 16,500-ம் மேசையில் போனதுதான். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியல் இன்னும் இருந்தால் எடுத்துப் பாருங்கள். ‘நான் எவ்வளவு மோசமாக ஆடினேன்’ என்ற கேள்விக்கு இந்த இரண்டு எண்களும் வெவ்வேறு பதில் சொல்லும்.

நல்ல பக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 2/5 மேசை என்றால், ஒவ்வொரு ஹேண்டிலும் இருவர் கட்டாயமாகக் கட்டும் தொகை 2 ரூபாயும் 5 ரூபாயும்; சிறியது ஸ்மால் பிளைண்ட், பெரியது பிக் பிளைண்ட். 6,438 ரூபாய் என்பது 5 ரூபாய் பிக் பிளைண்டில் 1,288 பிளைண்ட். 14,000 ஹேண்டுக்குப் பிரித்தால், நூறு ஹேண்டுக்கு 9 பிளைண்டுக்குச் சற்று மேல் நஷ்டம். இதை வைத்து ‘எனக்கு ஆட வராது’ என்றும் சொல்ல முடியாது, ‘பிடிபட்டுவிட்டது’ என்றும் சொல்ல முடியாது. ஆறு பேர் மேசையில் நூறு ஹேண்டுக்கு 80 முதல் 100 பிளைண்ட் வரை ஏற்ற இறக்கம் சாதாரணம். நடுவில் 90 என்று வைத்தால், 14,000 ஹேண்டில் அதிர்ஷ்டம் மட்டுமே ஆயிரம் பிளைண்டுக்கு மேல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடக்கூடிய ஒருவர்கூட, ஒன்பதில் ஒரு முறை உங்கள் அளவு நஷ்டத்தில் வந்து நிற்பார். மறுபக்கமும் அப்படித்தான். நூறு ஹேண்டுக்கு 5 பிளைண்ட் ஜெயிக்கும் திறமைசாலி 10,000 ஹேண்ட் ஆடி முடித்தபோது நஷ்டத்தில் இருக்க 29 சதவீத வாய்ப்பு உண்டு. கடைசி இரண்டு வாரம் ஜெயித்ததால் ஆட்டம் பிடிபட்டதாகத் தோன்றுகிறது என்றால், அந்தத் தோற்றத்தை நம்பிப் பணம் போடக் கூடாது.

இனி மாதம் பத்தாயிரம். சின்ன மேசையில் ரேக், அதாவது ‘பாட்’ எனப்படும், மேசை நடுவில் சேரும் மொத்தப் பணத்திலிருந்து தளம் எடுக்கும் கமிஷன், போன பிறகும் நூறு ஹேண்டுக்கு 5 பிளைண்ட் லாபம் என்பது தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு எட்டாத உயரம். அதை நீங்கள் எட்டிவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். 2/5 மேசையில் அது நூறு ஹேண்டுக்கு 25 ரூபாய். ஒரே நேரத்தில் இரண்டு மேசை ஆடினால் மணிக்குச் சுமார் 130 ஹேண்ட். ஆக, மணிக்கு 32 ரூபாய் 50 காசு. இதில் 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் போனால் மிஞ்சுவது 22 ரூபாய். வரிக்கு முன் பத்தாயிரம் வேண்டுமென்றாலே மாதம் 40,000 ஹேண்ட், அதாவது 308 மணி நேரம். உங்கள் அலுவலக வேலையே மாதம் 180 மணி நேரத்தைச் சுற்றித்தான் இருக்கும்.

‘அதனால்தானே ஒரு லட்சம், பெரிய மேசைக்குப் போகிறேன்’ என்பீர்கள். 10/20 மேசையில் ஒரு பை-இன், அதாவது மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை, 2,000 ரூபாய். ஏற்ற இறக்கத்தைத் தாங்க 40 பை-இன் வேண்டும், 80,000 ரூபாய். உங்கள் ஒரு லட்சம் கணக்கும் ஏறக்குறைய இங்கேதான் வந்து நிற்கிறது. ஆனால் அந்த 40 பை-இன் விதி, ஏற்கெனவே ஜெயிப்பது உறுதியான ஆட்டக்காரர் கெட்ட காலத்தில் காலியாகாமல் இருப்பதற்காகச் சொல்லப்படுவது. நஷ்டத்தில் ஆடுபவருக்கு எத்தனை பை-இன் கொடுத்தாலும் காலியாகும் நாள் தள்ளிப்போகுமே தவிர, காலியாவது நிற்காது.

சட்டத்தைப் பொறுத்தவரை நிலைமை தெளிவு. இணைய விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 22-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும் தடைதான்; திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே அதில் இல்லை. மாநிலத் தடையை 2022-இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்ததே என்று நண்பர் சொல்லலாம். அது வேறு சட்டம். இது மத்தியச் சட்டம். நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. ஆனால் நண்பர் தரும் ரெஃபரல் லிங்க்கை நீங்கள் நாலு பேருக்கு அனுப்பினால், அது விளம்பரப் பிரிவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். இந்த ஆட்டங்களுக்கான பணப் பரிவர்த்தனையைச் செய்து கொடுக்க வங்கிகளுக்கும் அனுமதி இல்லை.

தண்டனை இல்லையே என்று நினைப்பவர்களுக்கு அடி விழுவது வங்கிக் கணக்கில். வெளிநாட்டுத் தளத்தில் ஜெயித்த யுஎஸ்டிடி-யை (டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோ) ரூபாயாக்க, முன்பின் தெரியாத ஒருவருக்கு நேரடியாக விற்கிறீர்கள். அவர் யுபிஐ-யில் 40,000 ரூபாய் அனுப்புகிறார். அந்த 40,000, வேறு ஏதோ மாநிலத்தில் ஒருவரிடம் மோசடி செய்து எடுத்த பணத்தின் மூன்றாவது அல்லது நான்காவது கைமாற்றமாக இருக்கலாம். ஏமாந்தவர் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணை அழைத்துப் புகார் கொடுத்ததும், பணம் போன வழியெல்லாம் சைபர் போலீஸ் தடம் பிடித்து வருகிறது. உங்கள் கணக்கில் அந்தத் தொகைக்கு ‘லியன்’ விழும், அதாவது அதை எடுக்க முடியாதபடி வங்கி பிடித்துவைக்கும். சில சமயம் கணக்கு முழுவதுமே முடக்கப்படும். அது சம்பளக் கணக்காக இருந்தால் வாடகை, தவணை, ஊருக்கு அனுப்பும் 12,000 எல்லாம் அன்றே நிற்கும். விடுவிக்க, புகார் பதிவான ஊர்க் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். ‘ஏன் இந்தப் பணம் வந்தது’ என்று அவர்கள் கேட்கும்போது, தடை செய்யப்பட்ட ஆட்டத்தின் பணம் என்பதைத் தவிர சொல்ல உங்களிடம் வேறு பதில் இருக்காது. தளம் பணத்தைத் தராமல் இழுத்தடித்தாலும் இங்கே யாரிடமும் முறையிட முடியாது. போதாததற்கு, லாட்டரி, ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதை 2000-ஆம் ஆண்டு ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிகளே தடுத்திருக்கின்றன. கிரிப்டோ விற்பனையில் லாபம் வந்தால் 30 சதவீத வரி, விற்கும் தொகையில் 1 சதவீத டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வரி) என்பது தனி.

சரி, கற்பது எப்படி? பணம் இல்லாத இலவச சிப்ஸ் மேசைகளுக்கு இந்தச் சட்டத்தில் தடை இல்லை. பந்தயமாக இல்லாத வரை சந்தா கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கும் இடம் இருக்கிறது. இலவச மேசையில் ஒரே தொல்லை: எதிராளிகள் எதற்கெடுத்தாலும் ஆல்-இன் போடுவார்கள் (இருக்கும் சிப்ஸ் முழுவதையும்), எல்லாவற்றையும் கால் செய்வார்கள் (மற்றவர் போட்டதற்குச் சமமாகக் கட்டுவார்கள்). அதனால் அங்கே ஜெயித்த சிப்ஸைக் கணக்கு வைத்துப் பயனில்லை. எடுத்த முடிவு சரியா என்பதைத்தான் கணக்கு வைக்க வேண்டும்.

ஒரு ஹேண்டை எடுத்துப் பார்ப்போம். கையில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 8. டர்ன் (நான்காவது பொதுச் சீட்டு) வரை போர்டில், அதாவது மேசையில் விரித்த பொதுச் சீட்டுகளில், ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 4, கிளாவர் ஜாக்கி, டைமண்ட் 2. பாட்டில் 100 ரூபாய், எதிராளி 50 போடுகிறார். ஃப்ளஷ் (ஒரே இனத்தில் ஐந்து சீட்டு) அமைய இன்னும் 9 ஆர்ட்டின் பாக்கி. பார்க்காத சீட்டு 46. வாய்ப்பு 19.6 சதவீதம். 50 கட்டி 200 ரூபாய் பாட்டுக்கு ஆடுவதால் தேவை 25 சதவீதம். 5 சதவீத ரேக் போனால் கைக்கு வருவது 190, தேவை 26.3 ஆகிறது. இந்தக் கால் ஒவ்வொரு முறையும் சராசரியாகக் கிட்டத்தட்ட 13 ரூபாய், அதாவது இரண்டரை பிளைண்ட் நஷ்டம். நூறு ஹேண்டில் இரண்டு தடவை செய்தாலே 5 பிளைண்ட் போயிற்று. திறமைசாலியின் மொத்த லாபமும் அவ்வளவுதான். ரிவரில் (கடைசிப் பொதுச் சீட்டில்) ஃப்ளஷ் வந்த பிறகு எதிராளி சராசரியாக இன்னும் 65, 70 ரூபாய் கொடுப்பார் என்று நம்பக் காரணம் இருந்தால் மட்டுமே கால் செய்யலாம். மூன்றாவது ஆர்ட்டின் விழுந்ததைப் பார்த்து ஃபோல்ட் செய்பவராக (சீட்டை வைத்துவிட்டு விலகுபவராக) இருந்தால் அவர் கொடுக்க மாட்டார். சின்ன மேசைகளில் தொடக்கநிலையாளரின் பணம் கரைவது பெரும்பாலும் இந்த மாதிரி ‘ஐம்பதுதானே’ கால்களில்தான்.

வாரம் நான்கு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் போதும். நாற்பது நிமிடம் ஆடுங்கள். இருபது நிமிடம் நோட்டை எடுத்து, தடுமாறிய ஐந்து ஹேண்டை எழுதுங்கள்: உட்கார்ந்த இடம், சிப்ஸ், பாட், பெட், தேவைப்பட்ட சதவீதம், உண்மையில் இருந்த சதவீதம். கடைசி எண்ணை, வெற்றி வாய்ப்பைக் கணக்கிடும் இலவச ஈக்விட்டி கால்குலேட்டரில் சரிபாருங்கள். முதல் மூன்று மாதம், சீட்டு போட்டதும் எந்த இடத்தில் எதை ஆடுவது என்பதை மட்டும் பழகுங்கள். ஆறு பேர் மேசையில் முதலில் பேச (முடிவு சொல்ல) வேண்டிய இடத்தில் நூற்றுக்குச் சுமார் 15 ஹேண்ட், பட்டனில் (பொதுச் சீட்டுகள் வந்த பிறகு கடைசியில் பேசும் இடம்) 40 முதல் 45. ஸ்மால் பிளைண்டில் ‘பாதி ஏற்கெனவே கட்டிவிட்டேனே’ என்று கால் செய்யும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் பிறகு ஹேண்ட் முழுவதும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டியிருக்கும். பயிற்சிச் சந்தா, புத்தகம் எல்லாம் சேர்த்து மாதம் 1,500 ரூபாயைத் தாண்ட வேண்டாம்.

வரிக் கேள்விக்கு வருகிறேன். நிகர வெற்றி என்பது எடுத்த தொகையில் இருந்து, கட்டிய தொகையையும் ஆண்டுத் தொடக்க இருப்பையும் கழிப்பது. உங்களுக்கு 29,500-இல் 46,000 கழிகிறது. வெற்றி இல்லை, வரியும் இல்லை. ஆனால் அந்த 16,500-ஐச் சம்பளத்தில் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. ஒன்றை மட்டும் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில் 8,000 கட்டி 12,000 எடுத்திருந்தால், அந்த 4,000-க்கு 1,200 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். பிறகு தோற்றதால் அது திரும்ப வர வேண்டிய பணம். வருமான வரித் தளத்தில் உள்ள 26ஏஎஸ், ஏஐஎஸ் அறிக்கைகளில் 194பிஏ (இணைய ஆட்ட வெற்றிக்கான டிடிஎஸ்) என்ற பிரிவைத் தேடுங்கள். இருந்தால் 2025–26 நிதியாண்டுக்கான ஐடிஆர்-2 படிவத்தில் கேளுங்கள். ஐடிஆர்-1 இதற்குப் பொருந்தாது.

உங்கள் மாதச் செலவு 47,000. மூன்று மாத அவசர நிதி என்றால் 1,41,000 வேண்டும். டெபாசிட்டில் இருப்பது 1,20,000. குறைவது 21,000. உங்கள் சம்பளத்தில் மாதம் மிஞ்சுவதும் அதே 21,000-தான். அதனால் வரும் மாத மிச்சத்தை அப்படியே அந்த டெபாசிட்டுக்குப் பக்கத்தில் போட்டுவிடுங்கள். அதற்கடுத்த மாதத்திலிருந்து 1,500-ஐப் போக்கர் பயிற்சிக்கு ஒதுக்கி, மீதியில் எஸ்ஐபி தொடங்கலாம்.

நிறுத்த நினைத்தும் கை தானாகச் செயலியைத் தேடுகிறது, தோற்றதை மீட்கக் கடன் வாங்கத் தோன்றுகிறது என்றால், தயங்காமல் உதவி கேளுங்கள். உங்கள் ஊரிலேயே நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இணையப் பழக்கத்துக்கென்று ‘ஷட்’ கிளினிக் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை.