பேசினார்கள், யாரும் கேட்கவில்லை

கேள்வி: செத்துப்போன பிரபலங்களைப் பற்றித் தோண்டித் துருவி ஆவணப்படம் எடுக்கிறார்களே, பரபரப்பு வியாபாரம்தானே இது? அவர்கள் உயிரோடு இருந்தபோது ஏன் யாரும் வாய் திறக்கவில்லை? (வாசகர், விழுப்புரம்)

பதில்: திறந்தார்கள் ஐயா. காது கொடுக்கத்தான் ஆளில்லை.

ஜப்பானில் ஜானி கிடகாவா என்று ஒருவர் இருந்தார். சின்னப் பையன்களைச் சேர்த்து ஆட்டமும் பாட்டும் பழக்கி, குழு குழுவாக டிவியில் இறக்கிவிடுவார். அந்தப் பையன்களிடம் அவர் பாலியல் அத்துமீறல் செய்வதாக 1999-லேயே 'ஷூகான் புன்ஷுன்' வார இதழ் தொடர் எழுதியது. அவர் அவதூறு வழக்குப் போட்டார். 2003-ல் டோக்கியோ உயர் நீதிமன்றம், அந்த விஷயத்தில் இதழ் எழுதியதன் முக்கியப் பகுதி உண்மைதான் என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றமே சொன்ன பிறகும் பெரிய பத்திரிகைகளும் டிவிக்காரர்களும் வாய் திறக்கவில்லை. அவரைப் பகைத்துக்கொண்டால் நாடகத்துக்கு நடிகனும் கிடைக்காது, அட்டைக்கு முகமும் கிடைக்காது, அவ்வளவுதான் காரணம். 2019-ல் அவர் இறந்தபோது 'டோக்கியோ டோம்' விளையாட்டரங்கில் பிரம்மாண்ட அஞ்சலிக் கூட்டம், பிரதமரின் இரங்கல் செய்தி வேறு.

அப்புறம் 2023 மார்ச்சில் பிபிசி ஒரு ஆவணப்படம் வெளியிட்டது. புதிதாக எதையும் தோண்டி எடுத்ததைவிட, ஊரறிந்த ரகசியத்தைக் கேமரா முன்னால் வைத்துக் கேட்டதுதான் அது செய்த பெரிய வேலை. அதில் ஒருவர், தனக்கு 15 வயதில் ஜானியின் வீட்டில் தங்கிய ராத்திரியைச் சொல்கிறார். கூட இருந்த பையன்கள் அவனிடம் சொன்னது, பொறுத்துக்கொள், இல்லாவிட்டால் முன்னுக்கு வர முடியாது என்பதுதான். பிள்ளைகள் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்த பாடம்! எனக்கு அதற்கு மேல் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

எல்லா ஆவணப்படமும் யோக்கியம் என்று நான் சொல்லவில்லை, பாதிக்கப்பட்டவரை அழவைத்து இசை சேர்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்தப் படம் வந்த ஆறே மாதத்தில், ஜானி நடத்திவந்த நிறுவனத்தின் தலைவியாக இருந்த அவருடைய அக்கா மகள் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுப் பதவி விலகினார். விசாரணைக் குழு ஊடகங்களின் மௌனத்தையும் ஒரு காரணமாக அறிக்கையில் எழுதியது, பத்திரிகைக்காரனாக அந்த இடம் எனக்குச் சுட்டது. அக்டோபர் தொடக்கத்துக்குள் 325 பேர் இழப்பீடு கேட்டிருந்தார்கள். அந்த வருஷம் பேச முன்வந்த ஒருவருக்கு 78 வயது. தான் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது நடந்ததைச் சொன்னார்.