தம் கட்டித் தூக்காதீர்கள்

கேள்வி: வயது 46. குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு மாதமாக வீட்டில் டம்பெல் தூக்குகிறேன். ஏழெட்டு முறை தூக்கிக் கீழே வைத்ததும் கண் இருட்டுகிறது. சத்துக் குறைவா?

சத்துக்கு முன்னால் மூச்சைப் பாருங்கள். கனம் தெரியத் தொடங்கியதும் பல்லைக் கடித்து, தம் கட்டித் தூக்குகிறீர்களா? அப்போது தொண்டை அடைபட்டு நெஞ்சுக்குள் அழுத்தம் கூடும். ரத்த அழுத்தம் எகிறும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தமோ குறையும். வைத்துவிட்டு மூச்சை விட்டதும் அழுத்தம் சட்டென்று சரியும். கண் இருட்டுவது அந்த நொடியில்தான்.

தூக்கும்போது 2 நொடி மூச்சை வெளியே விடுங்கள். இறக்கும்போது 3 நொடி உள்ளே இழுங்கள். தண்டாலில் உடல் எழும்போதும், பஸ்கியில் எழுந்து நிற்கும்போதும் மூச்சு வெளியே போக வேண்டும். குழம்பினால், தூக்கும்போது ‘ஒண்ணு, ரெண்டு’ என்று வாய்விட்டு எண்ணுங்கள். எண்ணுகிற வாயால் தம் கட்ட முடியாது. 12 முறை தூக்கிய பிறகும் இன்னும் இரண்டு முறை முடியும் என்கிற எடைதான் உங்களுக்குச் சரி. முடித்ததும் சிலைபோல் நிற்காமல் சற்று நடங்கள். போட்டிக்குப் பளு தூக்குபவர்கள் முதுகை இறுக்க வேண்டுமென்றே சில நொடி மூச்சை அடக்குவார்கள். அது அவர்கள் பழகிய வித்தை, பார்த்துச் செய்யாதீர்கள்.

பி.பி. 180/110க்கு மேல் இருந்தால், அது கட்டுக்குள் வரும்வரை எடையைத் தொடவே வேண்டாம். மூச்சைச் சரியாக விட்டும் தலை சுற்றினால் டாக்டரைப் பாருங்கள்.

கேள்வி: படுத்ததும் நெஞ்சு படபடக்கிறது. மகள் ஜிம்முக்குப் போகச் சொல்கிறாள். தங்கை மூச்சுப்பயிற்சி போதும் என்கிறாள். எது சரி? (வாசகி, சத்துவாச்சாரி)

இரண்டும் சரி. அந்த நேரப் படபடப்புக்கு மூச்சு. தசைப்பயிற்சியின் பலன் தெரியச் சில வாரம் ஆகும்.

வயிற்றில் கை வைத்து, மூக்கு வழியாக 4 நொடி இழுத்து 6 நொடி விடுங்கள். நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம் போதும். வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். பலர் செய்யும் தப்பு, நெஞ்சு முட்ட இழுப்பது. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, விரலும் உதடும் மரத்து, படபடப்பு கூடிவிடும். கொஞ்சமாக, மெதுவாக இழுங்கள்.

வாரம் 2 நாளாவது தசைப்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஜிம் கட்டாயமில்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, இரண்டு சுற்று. நடுவே ஒரு நாள் ஓய்வு. மனச்சோர்வு இதனால் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதற்காக, சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். படி ஏறும்போதும் படபடத்தால் ஈ.சி.ஜி., தைராய்டு, ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். மனபாரம் தாங்கவில்லையென்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை.

கேள்வி: மே மாதம் மாலையில் மொட்டை மாடியில் பயிற்சி செய்யலாமா? (வாசகர், காட்பாடி)

வேண்டாம். ‘மரமில்லா மலை’ என்று நம்ம வேலூரைக் கேலி செய்வார்களே, பகலெல்லாம் வெயில் குடித்த அந்தப் பாறையைப் போலத்தான் உங்கள் மாடித் தளமும். இருட்டிய பிறகும் அனல் கக்கும். காலை 7 மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.