பாலையாவின் தவில்

அன்புள்ள ஐயா,

நான் வலங்கைமான் பக்கத்துக்காரன். என் பெரியப்பா ஐம்பது ஆண்டுகள் கோயிலில் தவில் வாசித்தவர். அண்மையில் தொலைக்காட்சியில் 'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தபோது, டி. எஸ். பாலையா நடித்த தவில்காரர் முத்துராக்கு எங்கள் தொழிலைச் சிரிப்புக்குரியதாக ஆக்கிவிட்டார் என்றேன். பெரியப்பா கோபித்துக்கொண்டு, "எங்களைச் சரியாப் பார்த்தவர் அந்த மனுஷன் ஒருத்தர்தான்" என்றார். யார் சொல்வது சரி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பெரியப்பா சொல்வதே சரி என்று நினைக்கிறேன். அதற்கான காரணம் அவருடைய வாத்தியத்திலேயே இருக்கிறது. தவிலின் இடப்பக்கமான தொப்பியைக் குச்சியாலும் வலப்பக்கமான வலந்தலையைக் கூடு மாட்டிய விரல்களாலும் வாசிக்கிற ஒருவர், தனி வாசிக்கும் நேரம் போக, மற்ற நேரமெல்லாம் செய்கிற பெரிய வேலை கேட்பதுதான். நாயனக்காரர், அதாவது நாதஸ்வரம் வாசிப்பவர், எந்த இடத்தில் மூச்சை நிறுத்துவார், எந்தச் சங்கதியை மறுபடி எடுப்பார் என்பதை முன்னதாகவே உணர்ந்து கையை அடக்கவும் விடவும் தெரிந்தவரைத்தான் நம் பக்கத்தில் வித்வான் என்பார்கள். நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்கு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தவில் வாசித்த காலத்தைப் பற்றிப் பேசக் கேட்டு வளர்ந்த வீடு உங்களுடையது. இதை நான் விளக்க வேண்டியதில்லை. பாலையாவும் அப்படிக் கேட்கத் தெரிந்த நடிகர்.

அவர் காவிரிக்கரைக்காரர் அல்லர். 1914இல் தூத்துக்குடிப் பக்கத்துச் சுண்டங்கோட்டையில் பிறந்து, நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர். 1936இல் வந்த 'சதி லீலாவதி' எம். ஜி. ஆருக்குப் போலவே அவருக்கும் முதல் படம். அடுத்த ஆண்டு 'அம்பிகாபதி'யில் ருத்ரசேனனாக வந்தார். வில்லன் என்ற பெயர் நிலைத்தது.

ஆனால் அவருடைய முழு வித்தையையும் நான் உணர்ந்தது 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில்தான். படமெடுக்கப் புறப்பட்ட மகன் செல்லப்பாவாக நாகேஷ், தன் பேய்க்கதையை அப்பாவுக்குச் சொல்கிறார். நாகேஷ் குரலாலும் உடம்பாலும் அத்தனையும் செய்ய, பாலையா உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான். அவர் முகத்தில் பயம் படிப்படியாக ஏறுவதைப் பார்த்துத்தான் அந்தக் கதை பயங்கரமானது என்று நாம் நம்புகிறோம். கேட்பவர் சற்றே கவனம் தப்பியிருந்தாலும் சொல்பவரின் உழைப்பு வீணாகியிருக்கும். அடுத்த ஆண்டு 'திருவிளையாடல்' படத்தில் ஹேமநாத பாகவதராக, பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒரு நாள் போதுமா' பாட்டுக்கு அவர் காட்டிய செருக்கை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, விறகு விற்க வந்தவனின் பாட்டைக் கேட்டு அந்தச் செருக்கு கரைந்து போகிற இடம்.

முத்துராக்குவுக்கு வருகிறேன். 1968இல் வெளியான அந்தப் படத்தில் நாதஸ்வர ஒலி மதுரை சேதுராமன் பொன்னுசாமி சகோதரர்களுடையது. பாலையா தவிலைத் தூக்கி வாசிப்பதுபோல் நடித்தவர்தான். ஆயினும் சிவாஜி கணேசன் நடித்த நாயனக்காரர் சிக்கல் சண்முகசுந்தரம் கோபத்தில் பொங்குகிற ஒவ்வொரு இடத்திலும் அவரைத் தட்டிக்கொடுக்கவும், இழுத்துப் பிடிக்கவும், சமயத்தில் விட்டுப்பிடிக்கவும் தெரிந்தவராக முத்துராக்கு இருக்கிறார். மேடையில் நாயனத்துக்குத் தவில் செய்வதை மேடைக்கு வெளியே நாயனக்காரருக்கு அவர் செய்கிறார். சிரிப்பு வருவது உண்மைதான். அது தொழிலைப் பார்த்து வருவதன்று. ஊர் ஊராகச் சுற்றி மனிதர்களை அறிந்துவிட்ட ஒரு பெரியவரின் குறும்பைப் பார்த்து வருவது. சில இடங்களில் அவருடைய கையும் புருவமும் திரைக்கு வேண்டியதைவிடப் பெரிதாக அசைகின்றன என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடைசி வரிசைக்கும் முகம் தெரிய வேண்டும் என்று நாடகக் கொட்டகை கற்றுக்கொடுத்த பழக்கம் அது.

இப்படத்தை நான் முதலில் பார்த்தது கும்பகோணத்துக்கு அருகே ஒரு டூரிங் டாக்கீஸில், மணலில் உட்கார்ந்து. எங்களூர்க் கோயில் மேளக்காரர்கள் நால்வர் எனக்கு முன்னால் இருந்தார்கள். சிவாஜி கணேசன் நாயனத்தை எடுத்தபோதெல்லாம் அவர்களில் தவில்காரர் பாலையாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்; அவர் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. பாலையா 1972இல், 58 வயது நிறையும் முன்பே காலமானார். நாயகனை முன்னிறுத்தி எழுதுகிற நம் சினிமா எழுத்தில், பக்கத்தில் இருந்து கேட்பவருக்கு இடம் குறைவு. பாலையாவை இரண்டு சொல்லில் முடித்துவிடுவதற்குக் காரணம் அதுதான். இதில் என் போன்றவர்களுக்கும் பங்குண்டு என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெரியப்பாவுடன் அமர்ந்து அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். பாலையாவின் தோளிலும் கையிலும் தொழில்காரர் ஒருவருக்கு மட்டுமே தெரிகிற எதை அவர் கண்டார் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்