டைமிங் செயின் மாற்றியதிலிருந்து ஸ்பிளெண்டர் இழுக்கவில்லை. பல் மாறியிருக்குமா, வால்வு போயிருக்குமா?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: பழைய கார்புரேட்டர் ஸ்பிளெண்டர். செயின் சத்தம் என்று டைமிங் செயின் மாற்றினீர்கள். அன்றிலிருந்து கிக்கர் லேசாக இறங்குகிறது, மேட்டில் வண்டி ஏறவில்லை, கார்புரேட்டர் பக்கம் அவ்வப்போது 'புஸ்' என்று திருப்பி அடிக்கிறது. மெக்கானிக் "வால்வு போயிடுச்சு, ஹெட்டை இறக்கணும்" என்கிறார்.

இப்போதைக்கு ஹெட்டை (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதியை) இறக்க வேண்டாம். வால்வு அமரும் இடமான சீட் கருகுவதும் தேய்வதும் மெல்ல மெல்ல நடப்பவை. கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறையும், அப்புறம்தான் ஸ்டார்ட்டிங் தகராறு வரும். வேலை முடிந்து வெளியே வந்த அன்றே கோளாறு தொடங்கியது என்றால், கைவைத்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டியிருந்தால், ஒரு பல்தானே என்று விட்டுவிட முடியாது. பிஸ்டனோடு இணைந்த கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால், வால்வுகளைத் திறக்கும் கேம் ஒரு சுற்று; இரண்டையும் இணைப்பது இந்தச் செயின். கேம் சக்கரத்தில் 28 பல் இருந்தால் ஒரு பல் என்பது கேமில் கிட்டத்தட்ட 13 டிகிரி, கிராங்கில் 26 டிகிரி. கேம் அந்த அளவு பின்தங்கினால், பெட்ரோல்-காற்றுக் கலவையை உள்ளே விடும் இன்லெட் வால்வு தாமதமாக மூடும். பிஸ்டன் மேலே ஏறும்போது உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போகும். கிக்கர் லேசாவதும் கார்புரேட்டர் 'புஸ்' என்பதும் இதனால் வரலாம். கேம் முந்திப்போனால் கதை வேறு: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) குறையாது, கொஞ்சம் கூடவே காட்டலாம். ஆனால் ஸ்லோ ஒழுங்காக நிற்காது, வேகம் பிடித்த பிறகு மூச்சு முட்டும். ஆகவே கம்ப்ரஷன் கேஜில் நல்ல எண் வந்தால் டைமிங் சரி என்று முடிவுகட்டக் கூடாது.

குறி பார்ப்பது எளிது. பிளக்கைக் கழற்றிவிடுங்கள், சுற்ற லேசாக இருக்கும். இடது பக்க மேக்னெட் மூடியில் இருக்கும் இரண்டு அடைப்புகளையும் திறந்து, ஸ்பேனர் போட்டு எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றுங்கள். மேக்னெட்டில் 'டி', 'எஃப்' என்று இரண்டு குறிகள் அருகருகே இருக்கும். 'எஃப்' தீப்பொறி விழும் இடம், நமக்கு வேண்டியது பிஸ்டன் உச்சியில் நிற்பதைக் காட்டும் 'டி'. அவசரத்தில் 'எஃப்'பை வைத்துச் செயின் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. 'டி' நேராக நிற்கும்போது கேம் சக்கரத்தின் வட்டக் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். அது நேர் எதிர்ப்பக்கத்தில் இருந்தால் பதற வேண்டாம், இன்னொரு சுற்று சுற்றிவிட்டுப் பாருங்கள்.

குறி விலகியிருந்தால் சக்கரத்தைக் கழற்றி மாட்ட வேண்டும். செயினின் தொய்வு முழுவதும், அதைத் தள்ளி இறுக்கும் டென்ஷனர் பக்கம் இருக்க வேண்டும், எதிர்ப்பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். பல் மாறுவது பெரும்பாலும் இங்கேதான்: மாட்டும்போது குறி சரியாக இருக்கும், டென்ஷனர் தள்ளியதும் ஒரு பல் நகர்ந்துவிடும். அதனால் மாட்டியபின் கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடி குறி பாருங்கள். நடுவில் இடித்தால் அதோடு நிறுத்திவிடுங்கள், பலம் காட்டினால் வால்வு வளையும். இதெல்லாம் முடியும்வரை கிக்கரில் கால் வைக்கக் கூடாது.

குறி சரியாகவே இருந்தால் அடுத்தது டேப்பெட், அதாவது வால்வு முனைக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் இடையிலான இடைவெளி. இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், கம்ப்ரஷன் உச்சியில், அதாவது இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்கும் நிலையில் அளக்க வேண்டும். எக்ஸாஸ்ட் முடிந்த உச்சியில் அளப்பது வீண், அங்கே இரண்டு வால்வும் சற்றுத் திறந்திருக்கும். பழைய 100 சிசி இன்ஜினுக்கு 0.05 மி.மீ.; உங்கள் மாடலின் கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சத்தமே வரக்கூடாது என்று டேப்பெட்டை இறுக்கச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பங்கைச் சீட்டில் அமரும்போதுதான் இறக்கிவைக்கிறது. இறுக்கினால் சரியாக அமராது, கருகும். லேசான 'டிக் டிக்' இருந்துவிட்டுப் போகட்டும். இன்னொன்று: ஒரு வால்வின் இடைவெளி மட்டும் திடீரென்று பெரிதாகியிருந்தால் அந்த வால்வு வளைந்திருக்கலாம். வளைந்த வால்வு முழுதாக மேலே வந்து அமராது, அதன் முனை ராக்கரிலிருந்து விலகியே நிற்கும்.

இதற்கும் பிடிபடவில்லை என்றால் காற்றுச் சோதனை. பிளக் துளையில் கொஞ்சம் ஆயில் விட்டுக் கம்ப்ரஷன் பார்க்கும் பழைய முறை பிஸ்டன் ரிங் தேய்மானத்தைத்தான் சொல்லும். எண் ஏறாவிட்டால் வால்வா டைமிங்கா என்று அது பிரித்துக் காட்டாது. காற்று பிரித்துக் காட்டும். கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியர் போட்டு, பின் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொண்டு, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றை மெதுவாக விடுங்கள். ஒரு பல் மாறியிருந்தாலும் அந்த இடத்தில் இரண்டு வால்வும் மூடியே இருக்கும், ஆகவே பெரிதாகக் கசிந்தால் டைமிங் மேல் பழி போட முடியாது. கார்புரேட்டரில் 'உஸ்' கேட்டால் இன்லெட், சைலன்சரில் கேட்டால் எக்ஸாஸ்ட், ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங். ரிங் பக்கம் லேசான கசிவு எந்த இன்ஜினிலும் இருக்கும்.

வால்வு பக்கம் கசிந்தால் அப்போது ஹெட்டை இறக்கலாம். கார்பன் துணுக்கு மாட்டியதாகவோ லேசான புள்ளிகளாகவோ இருந்தால் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு உட்கார வைத்தாலே போதும். சீட்டில் சுமார் 1 மி.மீ. அகலத்துக்கு, சுற்றிலும் விடாமல் சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். வால்வையும் ஸ்பிரிங்கையும் மாட்டி, போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், மறுபக்கம் ஒழுகக் கூடாது. விளிம்பு கருகியிருந்தாலோ தண்டு வளைந்திருந்தாலோ பேஸ்ட் வேலைக்கு ஆகாது, புது வால்வுதான். வால்வு தண்டு ஏறி இறங்கும் கைடில் ஆட்டம் இருந்தால் லேத் பட்டறைக்குப் போக வேண்டியிருக்கும். நிறுத்திவைத்து எடுக்கும்போது மட்டும் நீலப் புகை வருகிறதா என்று நீங்கள் எழுதவில்லை; வருகிறது என்றால் ஹெட் இறக்கும்போதே, வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ஸ்டெம் சீலையும் மாற்றச் சொல்லிவிடுங்கள்.